இன்டர்லாக்கனில் அறை எடுத்து மலை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், தூன் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் ஹோட்டலிலிருந்து கிளம்புகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே 3,454 மீட்டரில், ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையமான யுங்ஃப்ராயோக்கில் போய் நிற்கலாம். இவ்வளவு சுலபமாக ஏறிவிட முடிவதுதான் சிக்கல். பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுகிறார்கள்.

பணத்தை அதிகம் தின்னும் தவறு, ஊரிலிருந்தே தேதி குறித்து யுங்ஃப்ராயோக் டிக்கெட் வாங்கிவிடுவது. கோடையில் சலுகை எதுவும் இல்லாமல் ஓர் ஆளுக்கு 200 ஃபிராங்குக்கு மேல் போகும். மேலே மேகம் மூடியிருந்தாலும் ரயில் ஓடும்; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளையாக இருக்கும். காட்சி தெரியவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். எந்த நாள் மலை, எந்த நாள் ஏரி என்பதை வானத்திடம் விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு சுவிஸ் வானிலைத் துறையின் மீட்டியோசுவிஸ் செயலியில் முன்னறிவிப்பைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வெப்கேமராக்களைப் பாருங்கள்: யுங்ஃப்ராயோக், அதற்குக் கீழே 2,061 மீட்டரில் க்ளைன ஷைடெக், பிறகு ஊர். பல ஹோட்டல் டிவிகளிலேயே மலைக் கேமராக்கள் ஓடும் சேனல் ஒன்று இருக்கும்.

அறை ஜன்னலை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பள்ளத்தாக்கில் மூடுபனி அடைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடக்கும். அதே நேரத்தில் 1,500 மீட்டருக்கு மேலே பளீரென்று வெயில் அடிக்கும். கோடையில் நேர்மாறு. காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி மழை வரும். அதனால் கோடையில் முதல் சில ரயில்களில் ஏறிவிடுவது நல்லது. தெற்கிலிருந்து 'ஃபோன்' (Föhn) என்ற வெதுவெதுப்பான மலைக்காற்று அடிக்கும் நாளில் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் காற்றின் வேகத்தால் ரோப் கார்களை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது, ரயில். இன்டர்லாக்கனில் வெஸ்ட், ஓஸ்ட் என்று இரண்டு நிலையங்கள். மலை ரயில்கள் கிளம்புவது ஓஸ்ட்டிலிருந்து. ஒரே ரயிலாகக் கிளம்பி, சில நிமிடங்களில் ஸ்வைலுட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி லாட்டர்புரூனனுக்கு, மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கு. ஜன்னல் சீட்டுக்காக அப்பா முன்பெட்டிக்கு ஓட, அம்மாவும் பிள்ளைகளும் பின்னால் ஏறினால், குடும்பம் இரண்டு பள்ளத்தாக்கில் இறங்கும். பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் எழுதியிருக்கும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள். மாறி ஏறிவிட்டது தெரிந்தால் ஸ்வைலுட்ஷினனிலேயே இறங்கி மாறிக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் காருக்கு, கிரிண்டெல்வால்டுக்கு முந்தைய, 'டெர்மினல்' என்று பெயர் கொண்ட நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஃபர்ஸ்ட் மலைக்குப் போகிறவர்கள் கடைசி வரை போய், ஊருக்குள் நடந்து ரோப் காரைப் பிடிக்க வேண்டும்.

ஐகர் எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் 2,320 மீட்டர் உயரத்தில் விட்டுவிடும். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தில் ரயில். வேகம் நல்லதுதான், ஆனால் போகவும் வரவும் அதே வழி என்றால் பாதிப் பயணம் வீண். இறங்கும்போது க்ளைன ஷைடெக், வெங்கன், லாட்டர்புரூனன் வழியாக வாருங்கள். நேரம் கூடும், பார்க்கக் கிடைப்பது அதைவிடக் கூடும்.

சுவிஸ் டிராவல் பாஸ் கையில் இருந்தால் எல்லாம் இலவசம் என்று நினைப்பவர்கள் நிறைய. கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் அது செல்லும். அதற்கு மேல் யுங்ஃப்ராயோக்குக்கு 25 சதவீதச் சலுகை மட்டும். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பாதி விலை. இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உச்சப் பருவத்தில் மேலே போகும் ரயிலுக்கு 10 ஃபிராங்க் கட்டி இருக்கை முன்பதிவு செய்யலாம். அதை முன்னறிவிப்பு பார்த்த பிறகு, முதல் நாள் மாலையில் செய்தால் போதும். ஹோட்டலில் தரும் விருந்தினர் அட்டையை வாங்க மறக்காதீர்கள். சுற்றுலா வரியோடு சேர்ந்தே வருவது அது. உள்ளூர்ப் பேருந்துக்கு ஆகும், மலைக்கு ஆகாது.

உயரத்தைப் பற்றி. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குறையும். ஊரில் 25 என்றால் மேலே கணக்குப்படி 8 வரும். பனி மேல் காற்றடித்தால் உடம்புக்கு அது பூஜ்யம்தான். ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, பிடிப்புள்ள ஷூ, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் எல்லாம் ஜூலையிலும் வேண்டும். புடவையில் வருகிறவர்கள் உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளுங்கள்; செருப்பு வேண்டவே வேண்டாம், யுங்ஃப்ராயோக்கில் இருக்கும் பனி மாளிகையின் தரையே பனிக்கட்டி. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ரயிலிலிருந்து இறங்கியதும் ஓடாமல், கால் மணி நேரம் மெதுவாக நடந்து, தண்ணீர் குடியுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அடுத்த ரயிலில் இறங்குங்கள். கீழே வருவதுதான் மருந்து. இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். போட்டோவுக்காகக் கயிற்றைத் தாண்டிப் பனியில் காலடி வைக்க வேண்டாம். அது அலெட்ச் பனியாறு. மேலே பனி மூடியிருக்க, அடியில் பிளவுகள் இருக்கும்.

நடைபாதைகளில் மஞ்சள் பலகைகள் பெரும்பாலும் தூரத்தைச் சொல்லாது, நேரத்தைச் சொல்லும். அதில் ஓய்வோ போட்டோ நேரமோ சேராது. குழந்தைகளோடு போனால் ஒன்றரை மடங்கு வையுங்கள். ஃபர்ஸ்ட்டிலிருந்து பாக்கால்ப் ஏரிக்கு ஒரு வழிக்குச் சுமார் 3 கிலோமீட்டர். போய், உட்கார்ந்து, திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, நல்ல ஷூ அவசியம். வெள்ளை-நீல-வெள்ளை அனுபவசாலிகளுக்கான கடினப் பாதை, கண்டால் திரும்பிவிடுங்கள். எந்த மலைக்குப் போனாலும் ஏறும் முன் கீழ்நிலையத்தில் 'டால்ஃபார்ட்' என்று எழுதிய கடைசி இறங்கும் நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் பல இடங்களில் நடைதான்.

ஏப்ரல் கடைசி, மே, நவம்பரில் வருகிறவர்கள் 'ரெவிஷன்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று பொருள். ரோப் கார்கள் ஒவ்வொன்றாக அப்போதுதான் நிற்கும். வில்டர்ஸ்விலிலிருந்து ஏறும் ஷினிகே பிளாட்டே பல்சக்கர ரயிலோ கோடையில் மட்டுமே ஓடும்.

யுங்ஃப்ராயோக்கையும் 2,970 மீட்டர் ஷில்ட்ஹார்ன் சிகரத்தையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இரண்டிலும் பார்ப்பது பாதியாகும். மீட்பு ஹெலிகாப்டர் வந்தால் செலவு உங்களுடையது, பயணக் காப்பீட்டில் மலை மீட்பு இருக்கிறதா என்று பாருங்கள். அழைக்க வேண்டிய எண் 1414.

மழை நாளில் அறையில் போர்வைக்குள் கிடப்பதும் தவறுதான். லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கில், பாறைக்கு உள்ளேயே விழும் த்ரூமெல்பாக் அருவிகள் மழையன்று இன்னும் மூர்க்கமாக இருக்கும். உள்ளே லிஃப்ட் உண்டு, பிறகு ஈரப் படிகள். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.