கத்திரி முடிந்தது, தோட்டத்தில் இனி என்ன வேலை?

பஞ்சாங்கப்படி கத்திரி வெயில் மே கடைசியில் முடிந்துவிடும். எங்கள் தருமபுரிச் செடிகளுக்குத்தான் அது தெரிவதில்லை. ஜூன் நடுவிலும் செம்மண் கொதிக்கும், போர்வெல்லில் தண்ணீர் விட்டு விட்டு வரும். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் இந்த நேரம் பார்த்துத்தான் நர்சரிக்குப் போய்ப் பை பையாகச் செடி வாங்கி வருவார்கள். வேண்டாம். இருப்பதைச் சாகவிடாமல் காப்பாற்றி, ஆடிப் பட்டத்துக்கு மண்ணையும் நாற்றையும் தயார் செய்தால் போதும்.

1. விரலை வைத்துப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள்

மதியம் 2 மணிக்குக் கத்தரி இலை தொங்கினால் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அது வெயில் சோர்வுதான். சாயந்திரம் செடி தானே நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் தொங்கியே இருந்தால்தான் தாகம். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதைவிட, மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக ஊற விடுவது மேல். மேலாக நனைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். தொட்டிச் செடிக்கு மட்டும் தினமும் காலையில் ஊற்றியாக வேண்டும்.

2. மண்ணை மூடுங்கள்

ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கடலைத் தோல், கேழ்வரகுத் தாள், காய்ந்த மா இலை, எது கிடைத்தாலும் சரி. முதலில் தண்ணீர் விட்டு, அப்புறம் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். காய்ந்த மண்ணை மூடிப் பயனில்லை.

முதல் வருடம் நான் கடலைத் தோலைத் தண்டோடு ஒட்டி மலைபோல் குவித்தேன். பத்து நாள் கழித்து ஒரு மிளகாய்ச் செடி வாடியது. தோலை விலக்கினால் தண்டைச் சுற்றி ஈர மண் பூசிய மாதிரி கரையான் புற்று. உள்ளே பட்டையே இல்லை. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டிருந்தால் அந்தச் செடி பிழைத்திருக்கும்.

3. பானை புதையுங்கள்

புதைத்த மண்பானையிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். ஊருக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. பெயின்ட் அடிக்காத மண்பானை வாங்குங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்க வேண்டும். வியர்க்காத பானை உதவாது. கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் நாலு செடி வையுங்கள். வாயை மூடி வைக்காவிட்டால் கொசு முட்டையிடும்.

4. கத்தரிக்கோலுக்குக் கொஞ்சம் ஓய்வு

காய்ப்பு ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்காதீர்கள். முதல் நல்ல மழை பெய்ததும் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு வெட்டி, தொழுவுரம் போட்டால் மறுபடி துளிர்க்கும். வெயில் கொளுத்தும்போது வெட்டினால் தண்டு வெந்துபோகும். மாமரத்தில் காய் இறக்கியதும் கை பரபரக்கும். காய்ந்த கிளையை மட்டும் எடுத்துவிட்டு, கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்வதை, ஆகஸ்ட், செப்டம்பருக்குத் தள்ளி வையுங்கள்.

5. ஆடி 18-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒகேனக்கல்லில் கூட்டம் நிரம்பி வழியும் ஆடிப்பெருக்கு, ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். அதை நடவு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள் ஆகும், ஆகவே ஜூன் 20 வாக்கில் விதை போட வேண்டும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், ஜூன் கடைசியில் போடலாம். தக்காளிக்கு 25 நாள் போதும், ஜூலை முதல் வாரம் தாண்டிப் போட்டாலும் சரி. வெண்டை, அவரை, பீர்க்குக்கு நாற்றே வேண்டாம். மழை பார்த்து நேராகப் பாத்தியில் ஊன்றுங்கள்.

காலிப் பாத்தியை இப்போதே கொத்திப் போட்டு வெயில் காட்டுங்கள். நடவுக்குப் பதினைந்து நாள் முன்னால் மக்கிய தொழுவுரம் கலக்கலாம். பச்சைச் சாணி போட்டால் வேர்ப்புழுவுக்கு விருந்து வைத்த மாதிரி.

நாற்றுக்கு நிழல்வலை வாங்கிச் செலவழிக்க வேண்டாம். பழைய நூல் சேலையை நாலு குச்சியில் கட்டி, முளைத்ததும் சாயந்திரம் 4 மணிக்கு மேல் சுருட்டிவிடுங்கள். விதைத்த அன்றே பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவ மறக்காதீர்கள். எங்கள் வீட்டு எறும்புகள் ஒரு தடவை ஒரு பாக்கெட் தக்காளி விதை முழுவதையும் ஒரே ராத்திரியில் வரிசை கட்டித் தூக்கிப் போய்விட்டன.