சபை நிகழ்ச்சிகளுக்கு மக்களை வரவழைப்பது எப்படி? புதிய செயலருக்கான செய்முறை விளக்கம்

கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் முதன்முறையாகச் செயலர் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோமனூர்ப் பக்கம் உள்ள எங்கள் சிறிய சபையில் நான் அந்தப் பொறுப்புக்கு வந்த ஆண்டில், ஒரு சனிக்கிழமை மாலை 6 மணிக்குச் சிறப்புக் கூட்டம் வைத்து, பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, 150 நாற்காலிகளை வாடகைக்கு எடுத்திருந்தேன். வந்தவர்கள் 38 பேர். அதிலும் பாதி பாடகர் குழு. சபையாருக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று அன்றிரவு ஆயரிடம் புலம்பினேன். பிசகு நாள் குறித்த என்னிடம்தான் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

படி 1: குடும்ப நோட்டு போடுங்கள்

ஒரு நீள நோட்டை எடுத்து, பக்கத்துக்கு ஒரு குடும்பமாகப் பெயர்களை எழுதுங்கள். எதிரே வேலை, ஷிப்ட் நேரம், குடியிருக்கும் ஊர், அந்த ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருவர் பேச்சோடு பேச்சாகக் கேட்டால் மூன்று ஞாயிறுகளில் நோட்டு நிறைந்துவிடும். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து கேட்காதீர்கள். ரேஷன் கடை நினைவுதான் வரும்.

படி 2: நோட்டைப் பார்த்து நாள் குறியுங்கள்

பெரும்பாலான கூட்டங்கள் தோற்பது இங்கேதான் என்பதால் இந்தப் படிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். திருப்பூர் வட்டாரத்தில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனியில் வாரக் கூலி வாங்கி, மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்த்து, காய்கறிப் பையோடு ஒரு பெண் வீடு திரும்பும்போது இரவு 8 மணி ஆகிவிடும். அவரை 6 மணிக்குக் கூட்டத்துக்கு அழைப்பது அழைக்காததற்குச் சமம். விசைத்தறி ஓட்டுபவரின் கணக்கு வேறு. 12 மணி நேர இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கியாக வேண்டும். ஈரோடு, கொடுமுடிப் பக்கத்துச் சபைகளாக இருந்தால், மஞ்சள் வெட்டி வேகவைக்கும் தை, மாசி மாதங்களில் கன்வென்ஷன் எனப்படும் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் வைப்பதைத் தவிர்க்கலாம். முகூர்த்த நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளிலும் அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்கு மொய் எழுதப் போகாமல் இருக்க முடியாது.

எங்கள் நோட்டின்படி எல்லோருக்கும் ஒத்துவந்த நேரம் ஞாயிறு மாலை 4 மணி முதல் 6 மணி வரை மட்டுமே. அதே சிறப்புக் கூட்டத்தை அந்த நேரத்துக்கு மாற்றியபோது, ஆலயத்து பெஞ்சுகள் போதாமல் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பாயில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

படி 3: கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்

பார்வையாளராக வருபவர் ஒருமுறை வருவார். பொறுப்போடு வருபவர் குடும்பத்தையும் கூட்டிவருவார். இதற்கு, விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகையைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. வாழைத்தார், இளநீர், நாட்டுக்கோழி, பூசணி என்று காணிக்கையாக வந்தவற்றை ஏலம் விடும் வேலையைக் கமிட்டிப் பெரியவர்களே வழக்கமாகச் செய்துவந்தார்கள். ஒரு வருடம் அதை, ஆசீர்வாதம் கூறி முடித்ததும் முதல் ஆளாகச் செருப்பை மாட்டும் ஒரு தறிக்கார அண்ணனிடம் கொடுத்தோம். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவருடையது. அவருக்கு மைக்கே தேவைப்படவில்லை. "ஒரு தரம்… ரெண்டு தரம்… ஏனுங்க, இந்தப் பூசணிக்காய் அம்பது ரூவாய்க்குத்தானுங்களா போகோணும்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு 400 ரூபாய் வரை ஏலம் ஏறியது. எடுத்தவர் அதை மறு ஏலத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு அந்த அண்ணன் எந்த நிகழ்ச்சியையும் தவறவிட்டதில்லை.

மூத்தவர்களுக்குப் பேசும் வேலை கொடுங்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27; அதன் கோவைப் பகுதி நிர்வாகப் பிரிவான கோயம்புத்தூர்த் திருமண்டலம் அமைந்தது 1950. இன்று எண்பதைத் தாண்டியவர்கள் அந்தத் தொடக்க ஆண்டுகளில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள். செப்டம்பர் கடைசியில் வரும் ஞாயிற்றில் அவர்களில் ஒருவரைப் பத்து நிமிடம் பேச வைத்தால், பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள்.

படி 4: நேரில் போய் அழையுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது அறிவிப்புதான், அழைப்பு ஆகாது. "போன்லதான் சொன்னாங்க, ஊட்டுக்கு வரலீங்களே" என்று மனத்தாங்கல் கொள்ளும் ஊர் நம் ஊர். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம், இருவர் இருவராக, ஒரு மாலைக்கு ஐந்து வீடு என்று பிரித்துக்கொண்டு போங்கள். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, சிறுபிள்ளைகள் உட்பட எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த விசுவாசிகள் அருகில் இருந்தால், இந்தி தெரிந்த ஒருவரை அவர்களுடைய அறைக்கு அனுப்புங்கள்.

படி 5: அன்றைய தினம்

அறிவித்த நேரத்துக்குத் தொடங்குங்கள், பத்துப் பேர்தான் வந்திருந்தாலும். நன்றியுரையை இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். எங்கள் சபையில் மிகக் கடினமான சீர்திருத்தம் இதுதான். கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்பே சாப்பாட்டுப் பந்தியைத் தொடங்கி, தொலைவிலிருந்து வந்தவர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.

படி 6: வராதவர்களைத் தேடிப் போங்கள்

மூன்று நாளுக்குள் குடும்ப நோட்டைத் திறந்து, வராதவர்களின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். அவர்களைப் பார்க்கும்போது "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை காணமுங்களே, உடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தை வீடு வந்ததும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு நாள் குறிக்கும்போது முதலில் புரட்ட வேண்டியவை அந்தப் பக்கங்களே.