பிட்காயின் வாங்கவும் அனுப்பவும்: முதல் நாளிலேயே பழக வேண்டியவை

ஓசூரில் வேலை பார்க்கும் என் மச்சான் போன வாரம் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தான். "மாமா, பிட்காயின்ல யார் அனுப்பினாங்கன்னு யாருக்கும் தெரியாதுல்ல?" என்றான். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள்.

மாங்காய் மண்டியில் பெயருக்குப் பதிலாக எண்ணை மட்டும் எழுதி, கணக்கு நோட்டை எல்லோரும் புரட்டும்படி வாசலில் வைத்தால் எப்படி? பிட்காயின் அப்படித்தான். 2009 ஜனவரியில் விழுந்த முதல் வரியிலிருந்து எல்லாம் திறந்தே கிடக்கிறது. உங்கள் எண் எது என்று ஒருவருக்குத் தெரிந்தால், அந்த எண்ணின் பழைய வரவு செலவும் தெரிந்துவிடும்.

முதலில், வாலட் (பிட்காயின் வாங்கவும் அனுப்பவும் உதவும் ஆப்) தரும் 12 அல்லது 24 சொற்களை வரிசை மாறாமல் பேப்பரில் எழுதுங்கள். உங்கள் பணத்தின் சாவி அவைதான். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அடுத்து, பணம் வாங்கும் ஒவ்வொரு முறையும் வாலட்டில் புது முகவரி எடுங்கள். மேலே சொன்ன 'எண்' இதுதான். எல்லா முகவரிகளையும் அதே சொற்கள்தான் திறக்கும், பயம் வேண்டாம்.

இனி சில்லறை விஷயம். இதைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. உங்களுக்கு 0.05 பிட்காயின் ஒரே தொகையாக வந்தது என்று வையுங்கள். அதில் 0.01 அனுப்பினால், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டியது போல முழுத்தொகையும் போய், கட்டணம் போக மீதி உங்களுடைய இன்னொரு முகவரிக்குத் திரும்பும். எது சில்லறை என்று பார்ப்பவர் பல நேரம் ஊகித்துவிடுவார். இரண்டு தொகைகளைச் சேர்த்து அனுப்பினால், இரண்டும் ஒருவருடையவை என்றே எடுத்துக்கொள்வார். எலக்ட்ரம் போன்ற வாலட்டில் 'காயின் கண்ட்ரோல்' இருக்கிறது. எந்தத் தொகையைச் செலவழிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

அனுப்பும்போது, காப்பி செய்த முகவரியையே சில வைரஸ்கள் மாற்றிவிடும். வாலட்டில் உள்ள பழைய வரவு செலவுப் பட்டியலில் இருந்தும் முகவரியை எடுக்காதீர்கள். முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் ஒத்த போலி முகவரியிலிருந்து மோசடிக்காரர்கள் சிறு தொகை அனுப்பி அங்கே நுழைத்து வைப்பார்கள். நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். தவறாகப் போனதைத் திருப்பித் தர இங்கே வங்கி இல்லை.

இன்னொன்று. எக்ஸ்சேஞ்சில் (பிட்காயின் வாங்கி விற்கும் நிறுவனத்தில்) வாங்கியிருந்தால் உங்கள் பான் எண் அங்கே இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி. அதைக் கட்டத்தான் வேண்டும்.

சரி, மச்சானை முதலில் சிறு தொகை அனுப்பச் சொன்னேன். முகவரியை நான்கு நான்கு எழுத்தாக அவன் வாசிக்க, நான் என் போனில் சரிபார்த்தேன். அனுப்பியவை அந்தப் பொது நோட்டில் பிளாக் எனும் கட்டுகளாக ஏறும், ஒரு பிளாக்குக்குச் சராசரியாகப் பத்து நிமிடம். அந்தச் சிறு தொகை ஒரு பிளாக்கில் ஏறி முதல் உறுதிப்பாடு விழுந்த பிறகுதான் மீதியை அனுப்பினான்.