காலைல பறவைக்குத் தீனி, அப்புறம் பேக்பைப் பிராக்டிஸ்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஸ்காட்லாந்துல சின்னதா ஒரு தோட்டம் இருந்தா, பறவைக்குத் தீனி வைக்கிறது, பேக்பைப் (பை வெச்சு ஊதுற ஸ்காட்லாந்து வாத்தியம்) கத்துக்கிறது, இந்த ரெண்டையும் சேர்த்தே ஆரம்பிங்கன்னு சொல்வேன். ரெண்டுமே தினமும் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சாதான் வரும், அதுவும் ஜன்னல் பக்கத்துல உக்காந்து வாசிச்சா ஒரே நேரத்துல ரெண்டையும் அனுபவிக்கலாம்.

முதல்ல தீனி. சூரியகாந்தி விதைல தோல் உரிச்சது கிடைக்கும், அதை குழாய் மாதிரி தொங்குற ஃபீடர்ல போடுங்க, ப்ளூ டிட், கிரேட் டிட், கோல்ட்ஃபின்ச் மாதிரி சின்னப் பறவைங்க எல்லாமே அதுக்கு வரும். வேர்க்கடலைன்னா உப்பு போடாதது, அதுவும் கம்பி வலை ஃபீடர்ல மட்டும். கொழுப்பு உருண்டை நைலான் வலையோட வந்தா வலையைக் கழட்டிடுங்க, கால் மாட்டிக்கும். ராபினும் ப்ளாக்பேர்டும் தரையில பொறுக்கித் தின்ற ஆளுங்க, அதுங்களுக்கு ஊறவெச்ச மீல்வர்ம் (காஞ்ச புழு) கொஞ்சம் புதர் ஓரமா தூவினா போதும்.

ஃபீடர் மாட்டின அன்னைக்கே கூட்டம் வராது. சில நாள் ஆகும், சில சமயம் சில வாரம்கூட ஆகும், அதுக்காக இடத்தை மாத்திக்கிட்டே இருக்காதீங்க.

சுத்தம்தான் இதுல ரொம்ப முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. 2005-ல இருந்து ட்ரைக்கோமோனோசிஸ்ங்கற நோய் பரவி பிரிட்டன்ல க்ரீன்ஃபின்ச் பறவையோட எண்ணிக்கையே சரிஞ்சு போச்சு, எச்சில் பட்ட தீனி, தண்ணி வழியாதான் அது தொத்துது. அதனால வாரம் ஒரு தடவை க்ளவுஸ் போட்டு ஃபீடரைக் கழுவி நல்லா காயவெச்சு மாட்டுங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல தீர்ற அளவுக்கு மட்டும் நிரப்புங்க, தண்ணியை தினமும் மாத்துங்க. தட்டையான பலகைல கொட்டி வைக்கிறதைத் தவிர்க்கிறது நல்லது.

இப்போ வாத்தியம். எடுத்த எடுப்புல முழு பேக்பைப் வாங்காதீங்க, பிராக்டிஸ் சாண்டர் வாங்குங்க. பையும் கிடையாது, ட்ரோனும் (ஒரே ஸ்வரத்தைத் தொடர்ந்து ஒலிக்கிற குழாய்) கிடையாது, வெறும் குழாயும் உள்ள ஒரு ரெட்டை ரீடும்தான், நம்ம நாதஸ்வரத்து சீவாளி மாதிரி. சத்தம் கம்மி, பறவைங்க பயப்படாது.

இடது கை மேல, வலது கை கீழ. விரல் நுனியால பொத்தாம விரலை நீட்டி வெச்சு சதைப்பகுதியால மூடணும். மொத்தமே ஒன்பது ஸ்வரம். எல்லா ஓட்டையும் மூடினா லோ ஜி (எல்லாத்துலயும் கீழ் ஸ்வரம்), வலது சுண்டு விரலைத் தூக்கினா லோ ஏ.

கஷ்டம் எங்கன்னா, பேக்பைப்புல சத்தம் நடுவுல நிக்கவே நிக்காது. அப்போ ஒரே ஸ்வரத்தை ரெண்டு தடவை எப்படி வாசிக்கிறது? அதுக்குத்தான் கிரேஸ்நோட். லோ ஏ பிடிச்சுக்கிட்டு இடது ஆள்காட்டி விரலை டக்குனு தூக்கி உடனே வெச்சிடுங்க, ஸ்வரம் ரெண்டா வெட்டுப்பட்டு கேக்கும். அது ஜி கிரேஸ்நோட். இதை மட்டும் கொஞ்ச நாள் மெதுவா வாசிங்க, அந்த வெட்டு சுத்தமா விழும்போது வர்ற சந்தோஷமே தனி.

அடுத்து டி ஸ்வரத்துல இருந்து ஈ ஸ்வரத்துக்குப் போறது. இடது மோதிர விரல் எழும்புற அதே நொடில வலது கைல ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணும் இறங்கணும், சுண்டு விரல் எழும்பணும். வலது கை முந்திடுச்சுன்னா நடுவுல ஒரு லோ ஏ எட்டிப்பாக்கும். வேகத்தைக் குறைச்சா சரியாயிடும்.

ஒரு தடவைக்கு 15 நிமிஷம் போதும். முடிச்சதும் ரீடைக் கழட்டி காயவிடுங்க, ஈரம் தங்கினா சத்தம் அடைச்சுக்கும். முழு பேக்பைப்புக்குப் போக பல பேருக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை ஆகும், ஒரு டீச்சர் கிடைச்சா இன்னும் நல்லது, கிளாஸ்கோல நேஷனல் பைப்பிங் சென்டர்லயே ஆரம்பநிலை வகுப்பு உண்டு.

ஜனவரி கடைசி வார இறுதில ஆர்எஸ்பிபி-ங்கற பறவைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துற பிக் கார்டன் பேர்ட்வாட்ச்ங்கற தோட்டத்துப் பறவைக் கணக்கெடுப்புலயும் சேர்ந்துக்கோங்க, 1979-ல இருந்து நடக்குது. ஒரு மணி நேரம் உக்காந்து எண்ணணும். வந்து வந்து போறதை எல்லாம் கூட்டக்கூடாது, ஒரே சமயத்துல அதிகபட்சம் எத்தனை இறங்குச்சோ அதைத்தான் ஒவ்வொரு இனத்துக்கும் எழுதணும்.