பீச், ஷோர், கோஸ்ட்: எதை எழுதுவது?

பாம்பனில் நாங்கள் நடத்தும் தங்கும் விடுதிக்கு ஆங்கிலத் துண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். என்னிடமிருந்த அகராதியோ பீச், ஷோர், கோஸ்ட் மூன்றுக்கும் ‘கடற்கரை’ என்றே கையை விரித்தது.

அதை மூடிவைத்துவிட்டு, ஆங்கிலம் கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படித்தேன். எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்பதே வழிகாட்டியது. கோஸ்ட் வரைபடத்தில் நீளும் கடலோரம்; எங்கள் மாவட்டத்துக்கே அது பொருந்தும். ஷோர் நீரும் நிலமும் தொடும் விளிம்பு, ஏரிக்கும் உண்டு. காலாற நடக்கும் மணல்வெளிதான் பீச். எங்கள் மாவட்டத்து அரியமான் கடற்கரைக்கு அதைப் போட்டேன்.

டேமேஜ், டிஸ்ட்ராய் இரண்டுக்கும் 1964 டிசம்பர் புயல் ஒன்றே போதும். பாம்பன் ரயில் பாலம் டேமேஜ் ஆனது. பழுதுபார்த்தார்கள், மீண்டும் ரயில் ஓடியது. தனுஷ்கோடி டிஸ்ட்ராய் ஆனது. அந்த நகரம் திரும்ப எழவில்லை. சந்தேகம் வந்தால் முன்னால் ‘ஸ்லைட்லி’ சேர்த்துப் பார்க்கிறேன். டேமேஜோடு ஒட்டும், டிஸ்ட்ராயோடு ஒட்டாது. இந்தச் சோதனையை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை!

புயலுக்கு ஹரிகேன் என்று போட்டால் கம்பீரமாக இருக்கும் என்றார் அண்ணன். ஹரிகேன் அட்லாண்டிக்குக்கு, டைஃபூன் வடமேற்குப் பசிபிக்குக்கு. வங்கக் கடலுக்குச் சைக்ளோன்தான். கம்பீரம் போனால் போகட்டும் என்று அதையே அச்சுக்குக் கொடுத்தேன்.