பூட்டில் உட்கார்ந்த கழலா ஸ்க்ரூவைக் கழற்றும் முறை

திருவான்மியூரில் கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஹார்டுவேர் கடை இருக்கிறது. வாடிக்கையாளர்கள் செல்போனில் எடுத்த படத்தை நீட்டி, "அக்கா, இந்த ஸ்க்ரூவுக்கு எந்த ஸ்க்ரூ டிரைவர்?" என்று அடிக்கடி கேட்பார்கள். வாசல் கதவின் கொண்டியோ கிரில் கேட்டின் பூட்டோ படத்தில் இருக்கும். ஸ்க்ரூவின் தலை வழவழவென்று இருக்கும், இல்லையென்றால் நட்சத்திரக் குழிக்கு நடுவே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கதவுக்கு உள்பக்கம் பார்த்தீர்களா?"

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்டிராப், அதாவது பூட்டு தொங்கவிடும் நீளத் தாழ்ப்பாள், மாட்டிய கதவுகளில் வெளியே தெரியும் உருண்டைத் தலை பெரும்பாலும் ஸ்க்ரூவே இல்லை, கேரியேஜ் போல்ட். அதன் கழுத்து சதுரமாக மரத்துக்குள் பதிந்திருக்கும். வெளியிலிருந்து திருப்ப வழியே கிடையாது, ஆனால் உள்ளே ஒரு நட் இருக்கும். ஸ்பேனர் போட்டால் நட் கழன்றுவிடும். போல்ட்டும் கூடவே சுற்றினால் வெளியே ஒருவர் தலையைக் கிரிப் பிளேயரால் (கவ்விய இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் பிளேயர்) பிடித்துக்கொள்ள வேண்டும். நட் மேல் பல வருட பெயின்ட் ஏறியிருக்கலாம் என்பதால் அதைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். மூடிய பூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சாதாரண ஸ்க்ரூக்களும் உண்டு. பூட்டைத் திறந்து கொண்டியை மடக்கினால் அவை வெளியே தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடமும், குடியிருப்பின் பொதுக் கேட்டாக இருந்தால் சங்கத்திலும் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். வேலையைக் காலையிலேயே ஆரம்பியுங்கள். பழைய பூட்டு கழன்று புதியது உட்காராமல் போனால், ராத்திரி கதவைச் சாத்த வழி இருக்காது. கதவைத் திறந்த நிலையில் அடியில் ஒரு கட்டையைச் செருகி நிறுத்துங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அடுத்து தலையைப் பாருங்கள். எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். நட்சத்திரக் குழியோ ஆறு பக்கக் குழியோ இருந்து நடுவில் குச்சி நின்றால், அதற்கு நடுவில் ஓட்டை விட்ட பிட் (ஸ்க்ரூ டிரைவரில் மாட்டும் முனை) வேண்டும். கடையில் "ஓட்டை உள்ள ஸ்டார் பிட்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். டி10, டி15, டி20, டி25 அளவுகள் எல்லாம் ஒரே டப்பாவில் செட்டாகக் கிடைக்கும். ரிச்சி தெருவில் செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளிலும் உண்டு. சும்மா உட்கார்ந்த மாதிரித் தெரிகிற பிட்டை நம்பாதீர்கள், அசைத்துப் பார்த்தால் ஆடவே கூடாது. டி20 உட்கார வேண்டிய இடத்தில் டி15-ஐப் போட்டுத் திருப்பினால் குழியின் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் எந்த பிட்டும் பிடிக்காது. பிட் கிடைக்காவிட்டால் சிறிய பட்டை ஸ்க்ரூ டிரைவரைக் குச்சியின் பக்கவாட்டில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். குச்சி பல ஸ்க்ரூக்களில் ஒடிந்துவிடும், பிறகு சாதாரண ஸ்டார் பிட்டே போதும்.

தலையில் இரண்டு புள்ளிக் குழிகள் மட்டும் இருந்தால், அதற்கென்று இரண்டு காது உள்ள பிட் இருக்கிறது. அவசரத்துக்கு நோஸ் பிளேயரின் இரண்டு முனைகளையும் குழிகளில் இறக்கி, அழுத்திப் பிடித்துத் திருப்பலாம்.

நிஜமாகவே தொல்லை கொடுப்பது ஒருவழி ஸ்க்ரூ. பார்த்தால் பட்டை ஸ்க்ரூ மாதிரிதான் இருக்கும். ஆனால் பிளவின் இரண்டு பக்கமும் ஒரு திசைக்குச் சரிவாக இழைத்திருப்பார்கள். வலப்பக்கம் சுற்றினால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும், இடப்பக்கம் சுற்றினால் சரிவில் ஏறி வழுக்கி வெளியே வந்துவிடும். வெளியே நிற்கிறவன் கழற்றக் கூடாது என்றுதான் இப்படிச் செய்கிறார்கள். சில வருடம் கழித்துக் கழற்ற வேண்டியிருக்கும் வீட்டுக்காரருக்கும் அதே கஷ்டம்தான்.

இந்த வகைக்கு நான் சொல்கிற வரிசையை மாற்றாதீர்கள். முதலில் எண்ணெய். துரு இளக்கும் ஸ்ப்ரே இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு. இரவே விட்டுவிட்டுக் காலையில் தொடுங்கள். தேக்குக் கதவானால் பஞ்சில் நனைத்துத் தலையைச் சுற்றி மட்டும் ஒற்றுங்கள், வழிய விட்டால் மரத்தில் கறை நிற்கும். காலையில் முதல் திருப்பு வலப்பக்கம் இருக்கட்டும். கொஞ்சமே கொஞ்சம் இறுக்கினால் மரைக்கும் மரத்துக்கும் இடையே உறைந்த துரு உடையும். கடல் காற்று படுகிற வீடுகளில் இதைச் செய்யாமல் இழுத்தால் தலை தனியாக முறிந்து வரும்.

பிறகு கிரிப் பிளேயர். தலை தகட்டுக்கு மேலே புடைத்து நின்றால் விளிம்பைப் பிடித்து, வாய் நழுவாத அளவுக்குப் பின்னாலுள்ள திருகை இறுக்கிக்கொண்டு இடப்பக்கம் திருப்புங்கள். விளிம்பு வழுக்கினால் அரத்தால் எதிரெதிரே இரண்டு பக்கமும் தேய்த்துத் தட்டையாக்கினால் பிடி கிடைக்கும். இறுக்கும்போது தலை ஒடிந்து கூம்பு மட்டும் மிஞ்சுகிற நட்டுக்கும் இதேதான் வழி. கிரில் கேட்டுகளில் அவற்றைப் பார்க்கலாம்.

அதற்கும் மசியாவிட்டால் புதிய பிளவு வெட்ட வேண்டும். ஆக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, பழைய பிளவுக்குக் குறுக்கே தலையில் நேர்க்கோடு அறுங்கள். சின்ன ரோட்டரி கருவி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பட்டை ஸ்க்ரூ டிரைவரின் முனை ஆடாமல் உட்கார்கிற ஆழம் போதும். ரொம்ப ஆழமாக அறுத்தால் தலை இரண்டாகப் பிளக்கும். அறுக்கும்போது தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பித்தளைக் கொண்டியில் ஆழமாக விழுகிற கீறலை எடுப்பது கஷ்டம்.

கடைசி வழி டிரில். தலையின் நடுவில் சென்டர் பஞ்சை வைத்து ஓர் அடி அடித்துக் குழி விடுங்கள். இல்லாவிட்டால் உருண்டைத் தலையில் பிட் ஓடிக் கதவைக் கிழிக்கும். 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, பிறகு ஸ்க்ரூவின் தண்டைவிட மயிரிழை பெரிய பிட்டுக்குப் போக வேண்டும். 8 நம்பர் ஸ்க்ரூவின் தண்டு ஏறக்குறைய 4.2 மி.மீ., 10 நம்பர் 4.8 மி.மீ. அதனால் 4.5 அல்லது 5 மி.மீ. பிட் பொருந்தும். தண்டு முழுவதையும் துளைக்க வேண்டியதில்லை. தலையின் ஆழம் வரை போனாலே தலை வளையமாகக் கழன்று பிட்டில் சுற்றும், அதோடு நிறுத்துங்கள். தகட்டைத் தூக்கி எடுத்தால் மரத்திலிருந்து தண்டின் மிச்சம் நீட்டி நிற்கும். கிரிப் பிளேயரால் பிடித்துத் திருப்பினால் அநேகமாக வந்துவிடும், ஏனென்றால் தகட்டின் அழுத்தம் போய்விட்டது.

ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவில் வேகம் வைக்காதீர்கள். பிட் அறுக்காமல் உரசிக்கொண்டே சுற்றினால் அந்த எஃகு அந்த இடத்திலேயே இன்னும் இறுகிக் கெட்டியாகும், பிட் வழுக்கிக்கொண்டே இருக்கும். கோபால்ட் பிட், குறைந்த வேகம், அழுத்தம் அதிகம், நடுநடுவே ஒரு சொட்டு எண்ணெய். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டிரில்லைத் தொடாதீர்கள், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. முடிந்ததும் இரும்புத் தூளைக் காந்தத்தால் ஒற்றி எடுங்கள். வாசற்படி கிரானைட்டில் தூள் தங்கினால் ஐப்பசி மழையில் துருக்கறையாகப் படியும்.

ஸ்க்ரூவில் துளை போட்டு உள்ளே இறக்கி இடப்பக்கம் சுற்றி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை விற்கிற நானே சொல்கிறேன்: சின்ன ஸ்க்ரூவில் அதைப் பயன்படுத்த வேண்டாம். மெல்லிய எக்ஸ்ட்ராக்டர் உள்ளேயே முறிந்தால், அது ரொம்பக் கெட்டியான எஃகு என்பதால் சாதாரண பிட்டால் துளைக்க முடியாது. 6 மி.மீ. போல்ட்டுக்கு மேல் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கிரில் கேட்டில் மரைப் பசை (ஸ்க்ரூ தானாகக் கழலாமல் மரையில் பூசும் பசை) போட்டு இறுக்கியிருந்தால் சூடு வேண்டும். சிவப்புப் பசை ஏறக்குறைய 250 டிகிரிச் சூட்டில்தான் இளகும். சால்டரிங் அயனின் முனையைத் தலையில் வைத்துக் காத்திருந்து, சூடாக இருக்கும்போதே திருப்புங்கள். எண்ணெய் அடித்த இடத்தில் இதைச் செய்யாதீர்கள். முதலில் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். மரக் கதவில் இந்த முறை வேண்டவே வேண்டாம்.

கழன்ற ஓட்டைகள் பெரிதாகியிருக்கும். தீக்குச்சிகளின் மருந்தை உடைத்துப் போட்டுவிட்டு, குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து இறுக அடையுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் மட்டமாக அறுத்துவிட்டுப் புது ஸ்க்ரூவைப் போடலாம்.

புது ஸ்க்ரூவாக மறுபடியும் ஒருவழி ஸ்க்ரூ வேண்டாம் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். நடுவில் குச்சி உள்ள ஸ்டார் ஸ்க்ரூ வாங்குங்கள். வெளியிலிருந்து வருகிறவரிடம் அதற்கான பிட் இருக்க வாய்ப்புக் குறைவு, உங்களிடம் இருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு மாதிரிக் கடலோர வீடுகளுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். சாதாரண 304 ரகத்தைவிட விலை கூடுதல், ஆனால் உப்புக்காற்றைத் தாங்கும். மாட்டும்போது மரையில் துளி மெழுகு தேயுங்கள். அந்த பிட்டை உதிரிச் சாவிகளோடு ஒரே டப்பாவில் போட்டு, டப்பா இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.