குதிரைமுடி நகையைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரையின் வால்முடியைப் பின்னிச் செய்யும் காப்புகள் மூன்று அண்மையில் பழுதுபார்க்க வந்தன. அவற்றில் இரண்டு ஒரே காரணத்தால் கெட்டிருந்தன. இரண்டையும் சுத்தம் செய்தவர்கள் தொழிலுக்குப் புதியவர்கள், வெள்ளியின் கறுப்பைப் போக்கும் 'டிப்' என்ற திரவத்தில் முழு நகையையும் முக்கியிருந்தார்கள். பல வருஷங்களுக்கு முன் நானும் அதே தவறைச் செய்தவன். குளிக்கும்போது கழற்ற வேண்டும், சென்ட் அடித்த பிறகுதான் போட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

## முழு நகையையும் டிப்பில் முக்குவது

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு மேலே சில்வர் சல்ஃபைடு படிவதால்தான் வெள்ளி கறுக்கிறது. அதைப் போக்க விற்கும் டிப் திரவங்களில் பெரும்பாலும் அமிலமும் தையோயூரியாவும் இருக்கும். வெறும் வெள்ளியை முக்கி எடுத்தால் சில நொடிகளில் பளிச்சென்று ஆகிவிடும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் குதிரைமுடி நகையில் பின்னலின் நுனி ஒரு சின்ன வெள்ளிக் குப்பிக்குள் பசையோடு இறங்கியிருக்கிறது. நெருக்கிக் கட்டிய முடி, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போலத் திரவத்தை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு அலசினாலும் குப்பிக்குள் போனது முழுதாக வெளியே வராது.

இறந்துபோன தன் குதிரையின் வால்முடியை ஓர் அம்மா கொண்டுவந்து கொடுக்க, நான் ஒரு வெள்ளைக் காப்பு பின்னிக் கொடுத்திருந்தேன். குப்பி கறுத்துவிட்டது என்று பிறகு எடுத்து வந்தார். டிப்பில் முக்கி, அலசி, துடைத்து அன்றே கொடுத்துவிட்டேன். சில வாரங்களில் காப்பு திரும்பி வந்தது. குப்பியின் ஓரத்தில் முடி பச்சை பாரித்திருந்தது, விரல் பட்டதும் நாலைந்து இழைகள் முறிந்து கையோடு வந்தன. 92.5 வெள்ளியில் மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்புதான். உள்ளே தங்கிய அமிலம் அந்தச் செம்பை அரித்து முடியில் ஏற்றியிருந்தது. குப்பியை மாற்றிவிடலாம். அந்தக் குதிரையின் முடிக்கு எங்கே போவது? அவர் என்னைத் திட்டவில்லை. காப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால்தான், "ஒரு நிமிஷம் முக்கினால் என்ன ஆகிவிடும்" என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

குப்பியை ஒட்டியிருக்கும் முடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள். உலோகத்தை மட்டும் பாலிஷ் துணியால் தேயுங்கள். பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும்.

## அலுமினியத் தாள், சோடா உப்பு, கொதிநீர்

அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சோடா உப்பு கலந்த கொதிநீரை ஊற்றி, அதில் நகையைப் போட்டுக் கறுப்பை எடுக்கும் முறை வெறும் வெள்ளிக்குச் சரி. முடிக்கும் பசைக்கும் ஆகாது.

## நனைந்த பின்னலைத் தொங்கவிடுவது

குதிரைமுடியும் நம் தலைமுடி போலக் கெரட்டின் என்ற புரதம்தான். நனைந்தால் பருக்கும், வலு குறையும், இழுத்தால் எளிதில் நீளும். ஈரத்தோடு கொக்கியில் மாட்டினால் உலோகத்தின் கனமே பின்னலை இழுத்துத் தளர்த்திவிடும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்மையான ஷாம்பு விட்டு, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் முடி படிந்திருக்கும் திசையிலேயே துடையுங்கள். அப்புறம் வெறும் நீரில் நனைத்த துணியால் ஒருமுறை. துண்டில் ஒற்றி, தட்டையாகக் கிடத்தி, ஒரு முழு நாள் நிழலில் விடுங்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம்.

## கறுப்பெல்லாம் அழுக்கு என்று நினைப்பது

செதுக்கு வேலையின் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு, வடிவம் எடுத்துத் தெரிவதற்காகச் செய்தவரே ஏற்றியதாக இருக்கலாம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் பூவும் கொடியும் தட்டையாகத் தெரியும். மேடுகளை மட்டும் தேயுங்கள். சந்தேகம் இருந்தால் செய்தவரைக் கேளுங்கள்.

## பற்பசை

வெள்ளியில் கீறல் விழும். பின்னலுக்குள் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

## அவசரமாகப் பையில் போட்டு மூடுவது

பிளாஸ்டிக் பை நல்லதுதான். வெள்ளி கறுப்பதைத் தாமதப்படுத்தும், முடியைத் தின்னும் அந்துப்பூச்சியையும் தள்ளி வைக்கும். ஆனால் நகை உள்வரை காய்ந்திருக்க வேண்டும். பித்தளை, செம்புக் குப்பிகளில் ஈரம் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும். ரப்பர் பேண்டு போட்டுச் சுற்ற வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். குப்பியின் ஓரத்தில் ஏற்கெனவே பச்சை தெரிந்தால் தண்ணீரே படவிடாமல், அப்படியே செய்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.